நூற்றுப் பதினெட்டாம் இலக்கத்தின் ஊர்

ஜெயமலர் ரொறொன்ரோவில், மில்லிக்கனில் உதட்டுச்சாயம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பதினோரு வருடங்களாக வேலை செய்தாள். வரிசையின் கடைசியில் அவளுடைய இடம். அச்சிலிருந்து வரும் குச்சிகளில் காற்றுக்குமிழ் இருக்கிறதா, நுனி சாய்ந்திருக்கிறதா என்று பார்த்துப் பிழையானவற்றை எடுத்துப் போட வேண்டும். நிமிடத்துக்கு நாற்பது. பக்கத்தில் நிற்கிறவர்கள் காதில் பாட்டு மாட்டியிருப்பார்கள். அவள் மாட்டுவதில்லை. வீட்டுக்கு வந்தால் கைகளை இரண்டு தரம் கழுவுவாள். மெழுகு வாசம் அப்படியும் போகாது.

2009 பெப்ரவரியில் அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. அந்த மாதம் டாக்டர் அவளுடைய கருமுட்டைகளைப் பற்றிச் சொன்னார். மூன்று தடவை ஊசி போட்டு எடுத்துப் பார்த்தாகிவிட்டது. மூன்று தடவையும் இரண்டாம் மூன்றாம் நாளில் கரு நின்றுவிட்டது. கர்ப்பப்பையில் குற்றமில்லை. கணவரிடமும் குற்றமில்லை. முட்டை மட்டும் வேறொரு இளம் பெண்ணுடையதாக இருந்தால் நல்ல வாய்ப்பு இருக்கிறது.

"வேற ஆரின்ர?" என்று கணவன் குலசிங்கம் தமிழில் கேட்டான். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. ஜெயமலரும் மொழிபெயர்க்கவில்லை.

கொடையாளிகளை மருத்துவமனை தேடித் தராது, அதற்கு ஏஜென்சிகள் இருக்கின்றன என்று தாதி ஒரு தாளைக் கொடுத்தாள். மூன்று பெயர்கள். எதைத் தெரிவுசெய்வது என்பது உங்கள் முடிவு என்றாள்.

அவர்கள் வாழ்க்கையில் ஏஜென்சி என்ற சொல் அதுவரை ஒரு வேலைக்குத்தான் பயன்பட்டிருந்தது. குலசிங்கத்தைத் தொண்ணூற்றொன்றில் நாலு நாடுகளின் ஊடாக ரொறொன்ரோவுக்குக் கொண்டுவந்து சேர்த்தது ஒரு ஏஜென்சி. மூன்று வருடம் கழித்து அவன் ஜெயமலரைக் கூப்பிட்டது இன்னொன்றின் மூலம். ஏஜென்சிக்காரனை எப்படித் தெரிவுசெய்வது என்று அவனுக்குத் தெரியும். இதற்கு முன் யாரை அனுப்பினான், எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள், அவர்களில் ஒருவனோடாவது நேரே பேச முடியுமா. இதிலும் அதையே கேட்க வேண்டும் என்றான்.

"பிள்ளை கிடைச்ச ஆக்களைக் கூப்பிட்டுக் கேக்க விடுவினமோ?" என்றாள் ஜெயமலர்.

"விடாட்டி அவன் கள்ளன்."

வீட்டில் ஒரு விடயம் மட்டும் பேச வேண்டியிருக்கவில்லை. யாருக்கும் தெரியக்கூடாது. பிள்ளை பிறந்தால் அது ஜெயமலரின் பிள்ளை. ஆனால் வேலை நாட்களில் இரண்டு பேரும் நகரத்துக்கு அடிக்கடி போய்வந்தால் சொந்தக்காரர் கேட்பார்கள். அந்த வசந்தத்தில் அதற்கு ஒரு வழி தானாகவே கிடைத்தது. வன்னியில் சனம் செத்துக்கொண்டிருந்தது. தமிழர் நிறைந்த ஸ்காபரோ முழுக்க ஊர்வலத்துக்கும் மறியலுக்கும் போய்க்கொண்டிருந்தது. கோயிலடியிலிருந்தும் பிளாசாக்களிலிருந்தும் இலவச பஸ்கள் வெளிக்கிட்டன. மருத்துவமனைகள் நிற்கிற அதே அகன்ற வீதியில்தான், கொஞ்சம் தெற்கே, அமெரிக்கத் துணைத்தூதரகமும் இருந்தது. அவர்கள் பஸ்ஸில் ஏறிப் போனார்கள். கொடிகளோடு இறங்கினார்கள். கூட்டத்தில் அரை மணித்தியாலம் நின்று நாலு பேரின் கண்ணில் பட்டபிறகு, கொடியைச் சுருட்டி ஜெயமலரின் பைக்குள் வைத்துக்கொண்டு வடக்கே நடந்தார்கள்.

ஜெயமலரின் தம்பி குடும்பம் வன்னிக்குள் இருந்தது. ஜனவரிக்குப் பிறகு அவர்களிடமிருந்து சத்தமில்லை. ஊர்வலத்தில் அவள் கத்தியதெல்லாம் உண்மையாகக் கத்தியதுதான். பைக்குள் கொடி இருக்க, காலை விரித்துக்கொண்டு மருத்துவக் கட்டிலில் படுத்திருக்கும்போதுதான் அவளுக்கு ஒரு மாதிரி இருந்தது.

முதலாவது ஏஜென்சி கலிபோர்னியாவில். எல்லாமே கணினியில். ஆயிரத்துக்கு மேல் பெண்கள். தலைமயிர் நிறம், கண் நிறம், கணிதப் பரீட்சைப் புள்ளி, நீந்தத் தெரியுமா. தொலைபேசியில் ஒரு பெண் தேனாகப் பேசினாள். குலசிங்கம் தன் கேள்வியைக் கேட்டான். அவள் நூற்றுக்கு இத்தனை வீதம் என்றாள். வீதம் வேண்டாம், ஆட்களைக் காட்டு என்றான். அது தனிமனித உரிமை என்றாள்.

"கள்ளி," என்று தொலைபேசியை வைத்தான். பிறகு திரையில் ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டு யோசித்தான். "வெள்ளைக்காரி எண்டா ஒரு நன்மை. ஆர், எவர் எண்டு கேள்வி வராது. ஆனா நிறம் காட்டிக் குடுத்திடும்."

"இதில ஒரு பஞ்சாபிப் பிள்ளை நிக்கிறா."

"ஆறடி. எங்கட வீட்டில ஆர் ஆறடி?"

இரண்டாவது சென்னையில் ஒரு டாக்டர் நடத்துவது. உயரம், இரத்த வகை, வயது. வேறு எதுவும் சொல்லமாட்டார்கள். படமும் இல்லை. பத்து நாள் வந்து தங்கினால் போதும். ஜெயமலருக்கு அது பிடித்திருந்தது. ஒன்றும் தெரியாமல் இருப்பது சுகம் என்று நினைத்தாள். குலசிங்கம் ஒப்பவில்லை.

"இருட்டுக்குள்ள பொம்பிளை பாக்கிற மாதிரி. எந்தக் குடி, எந்தக் குலம். விடும் அதை."

மூன்றாவதை நடத்தியவள் டயான். பல் டாக்டர் ஒருவரின் மேல்மாடியில் இரண்டு அறை. ஐம்பது வயது, பருத்த உடம்பு, மேசையில் ஒரு கண்ணாடிக் குவளை நிறையப் பென்சில்கள். இந்த நாட்டில் முட்டையை விற்கவும் முடியாது, வாங்கவும் முடியாது என்று முதலில் சொன்னாள். கொடுக்கலாம். போக்குவரத்து, மருந்து என்று கொடுப்பவளின் செலவை மட்டும் பற்றுச்சீட்டுக்கு ஏற்பத் தீர்க்கலாம். ஆகவே தன்னிடம் இருக்கிற பெண்கள் சிலர்தான். சுவரில் பிள்ளைகளின் படங்கள் இருந்தன. குலசிங்கம் அவற்றை எண்ணினான். முப்பத்தொன்று. அவன் வழக்கமாகக் கேட்கும் கேள்விக்கு இங்கே சுவரே பதில் சொல்லிவிட்டது. அவன் முகம் இளகியது.

"என்னிடம் ஒரே ஒரு தமிழ்ப் பெண் இருக்கிறாள்," என்றாள் டயான். "இலங்கைத் தமிழ். வேறொரு தம்பதிக்காக எல்லாப் பரிசோதனைகளும் முடித்தவள். அவர்கள் கடைசியில் பின்வாங்கிவிட்டார்கள். இலக்கம் நூற்றுப் பதினெட்டு."

ஜெயமலர் கதிரையின் நுனிக்கு வந்தாள்.

டயான் ஒரு படிவம் கொடுத்தாள். கொடையாளியைப் பற்றி நீங்கள் முக்கியமாக அறிய விரும்புவது என்ன என்று ஒரு கேள்வி. கீழே ஆறு கோடுகள். ஜெயமலர் என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருக்க, குலசிங்கம் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து ஆங்கிலத்தில் எழுதினான். தகப்பனின் ஊர். தாயின் ஊர்.

டயான் அதை வாசித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். கண் கலங்கியிருந்தது. உங்கள் நாட்டில் நடப்பதைச் செய்திகளில் பார்க்கிறேன் என்றாள். ஒரு இனத்தின் கிராமங்கள் அழியும்போது, பிறக்கப்போகிற பிள்ளைக்கு ஒரு கிராமத்தின் பெயரையாவது கொடுக்க நீங்கள் நினைக்கிறீர்கள். இதைப்போல் ஒரு பதிலை இந்தக் கோடுகளில் நான் வாசித்ததில்லை. அடையாளம் தெரியக்கூடிய விபரம் எதையும் தர எனக்கு அனுமதி இல்லை. ஆனாலும் அவளிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

"யெஸ்," என்றான் குலசிங்கம். "வெரி இம்போர்ட்டன்ற்."

படியில் இறங்கும்போது ஜெயமலர் கேட்டாள். "அவவுக்கு என்ன விளங்கினது எண்டு நினைக்கிறியள்?"

"விளங்கத் தேவையில்லை. கேட்டுத் தந்தாச் சரி."

நூற்றுப் பதினெட்டின் விபரக் கோவை மின்னஞ்சலில் வந்தது. இருபத்திரண்டு வயது. பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல். உயரம் ஐந்தடி இரண்டு. ஜெயமலரின் உயரம். கெட்ட பழக்கம்: படிக்கும்போது பெருவிரல் தோலைக் கடிப்பேன். சமைக்கத் தெரிந்தது: நூடுல்ஸ், கொஞ்சம் சொதி. ஏன் கொடுக்க விரும்புகிறீர்கள்: எனக்குப் பிள்ளை பெறும் யோசனை இல்லை. மாதாமாதம் வீணாகப் போவதை யாராவது எடுக்கட்டும். என் குடும்பத்துக்கு இது தெரியாது, தெரியவும் கூடாது, அம்மாவுக்கு முதலாவதாகத் தெரியக்கூடாது. ஊர் பற்றிய மேலதிகக் கேள்விக்குப் பதில்: தெரியாது. நான் நாலு வயதில் வந்தேன். அப்பா செத்துவிட்டார். அம்மாவிடம் கேட்டால் இப்போது ஏன் கேட்கிறாய் என்பார். மன்னிக்கவும்.

ஜெயமலர் இதை வேலையிடத்துக் கழிவறையில் வாசித்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் திரும்பவும் வாசித்தாள். வீட்டில் மூன்றாம் தரம் வாசிக்கும்போது சிரித்தாள். இந்தப் பிள்ளைதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இனி வேறு கோவை பார்க்கத் தேவையில்லை.

கொடையாளிக்கு ஒரு கடிதம் எழுதலாம், பெயரும் முகவரியும் இல்லாமல் என்று டயான் சொல்லியிருந்தாள். ஜெயமலர் மூன்று நாள் எடுத்து அகராதியோடு எழுதினாள். நான் உதட்டுச்சாயத் தொழிற்சாலையில் பிழை பார்க்கிறவள். என் கணவர் கலியாண மண்டபங்களில் மணவறை சோடிக்கிறவர். எங்களிடம் ஒரு மேலதிக அறை இருக்கிறது, பதினாலு வருடமாக அதில் துணிதான் காயப்போடுகிறோம். உங்கள் பதில்கள் எனக்குப் பிடித்தன. பிள்ளை விரலைக் கடித்தால் நான் அடிக்கமாட்டேன். டயான் வாசித்துப் பார்த்து அனுப்பினாள். மணவறை சோடிக்கிறவர் இந்த நகரத்தில் நூறு பேராவது இருப்பார்கள் என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

உண்மையில் பெயர் சொல்லும்படி ஆறு பேர்தான். குலசிங்கத்தின் பொருட்கள் அஜின்கோர்ட்டில் ஒரு களஞ்சிய அறையில் இருந்தன. பதினாலு மணவறைகள், தூண்கள், அன்னங்கள், ஒரு பெரிய மயில். அந்த வசந்தத்தில் எல்லாம் துணி மூடிக் கிடந்தன. சனம் சாகும்போது யார் மணவறையில் இருப்பது என்று கலியாணங்களையும், பெண் பிள்ளைகளின் பூப்புச் சடங்கான சாமத்தியவீடுகளையும் ஆட்கள் தள்ளிப்போட்டுவிட்டார்கள். குலசிங்கத்துக்கு நேரம் இருந்தது.

ஏப்ரல் தொடக்கத்தில் டயான் கொடையாளியின் சிறுவயதுப் படங்களைக் காட்டக் கூப்பிட்டாள். நாலு படங்கள். கணினித் திரையில் மட்டும் பார்க்கலாம். பனியில் ஒன்று. பாடசாலையில் ஒன்று. மூன்றாவது சாமத்தியவீட்டுப் படம். பதின்மூன்று வயதுப் பிள்ளை பெரியவளின் நகைகளோடு, கோபமான முகத்தோடு, ஒரு மயிலின் முன்னால் இருந்தது. ஜெயமலர் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். குலசிங்கம் மயிலைப் பார்த்தான்.

அவன் முன்னால் குனிந்து நெடுநேரம் பார்த்தான். டயானுக்குச் சந்தோஷம்.

பார்க்கிங்கில் வானுக்குள் ஏறியதும் சொன்னான். "உது என்ர மயில்."

"என்ன?"

"தோகையில மூண்டாவது இறகு நீலம் கூட. பிறம்ரனில ஒரு பெடியன் மிதிச்சு உடைச்சு, நான் மாத்தினது. ரெண்டாயிரமாம் ஆண்டு. அதுக்குப் பிறகுதான் உந்தப் பிள்ளையின்ர விசேஷம். எல்லாத்துக்கும் அல்பம் வச்சிருக்கிறன்."

"வேண்டாமப்பா."

"பாக்கிறதில என்ன?"

"சைன் வச்சனாங்கள். படம் காட்ட முதல் தந்த தாளில, தேட மாட்டம் எண்டு சைன் வச்சனாங்கள். இஞ்சேருங்கோ, கோவிச்சுக்கொண்டு அவ கோவையைத் திருப்பி வாங்கினா எனக்கு வேற ஆளில்லை. உந்த ஒரு பிள்ளைதான் இருக்கிறா."

"நான் தேடேல்லை. என்ர மயில் என்ர கண்ணுக்கு முன்னால வந்து நிண்டா நான் கண்ணை மூடுறதோ?"

அன்றைக்கே களஞ்சியத்துக்குப் போனான். வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்காக வைத்திருந்த அல்பங்களில் ஏழாவதில் அந்தப் படம் இருந்தது. பின்பக்கத்தில் மண்டபத்தின் பெயர், திகதி, தாயின் பெயர். குணவதி. ஊர் எழுதியிருக்கவில்லை.

அதற்கு அருள்நாயகம் இருந்தார். இளைப்பாறிய தபாற்கந்தோர்க்காரர். கலியாணம் பொருத்திக் கொடுப்பது அவருடைய பொழுது. ஸ்காபரோவில் பெண், ஆண் இருக்கிற வீடுகளின் ஊர், வழி எல்லாம் இரண்டு கொப்பிகளில் எழுதி வைத்திருந்தார். குலசிங்கம் அவருக்குத் தொலைபேசி அடித்தான். ஒரு பிள்ளையைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்றான். இது எல்லோரும் செய்கிற காரியம். ஜெயமலரைக் கட்ட முதல் அவளையும் இப்படித்தான் விசாரித்தார்கள். அதில் கூச்சப்பட ஒன்றும் இருப்பதாக அவனுக்குப் படவில்லை.

இரண்டாம் நாள் பதில் வந்தது. ஜெயமலர் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். குலசிங்கம் குசினிக்குள் வந்து ஒரு ஊரின் பெயரைச் சொன்னான். தாய்வழி, தகப்பன்வழி இரண்டும் அதே ஊர். ஊருக்குள் எந்தக் குறிச்சி என்பதையும் சொன்னான்.

"எங்கட ஆக்கள்தான். ஒரு பிசகும் இல்லை."

வருடக்கணக்கில் அவள் காணாத சிரிப்பு அது.

"பிசகு இருந்திருந்தா?"

"அதுதான் இல்லையே."

"இருந்திருந்தா வேண்டாம் எண்டிருப்பியளோ?"

அவன் தண்ணீர் எடுத்துக் குடித்தான். கிளாசைக் கழுவிக் கவிழ்த்தான்.

"ஆருக்குப் பாக்கிறியள் எண்டு அவர் கேக்கேல்லையோ?"

"கேட்டவர். அக்காவின்ர மகன், லண்டனில நிக்கிறான் எண்டனான். அது அதோட முடிஞ்சுது."

அக்காவுக்கு மகன் இல்லை. ஜெயமலர் மிச்சக் கத்தரிக்காயையும் வெட்டினாள். அடுத்த நாள் டயானின் கந்தோரில் இருவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார்கள். அவளும் வைத்தாள். கணவனின் சிரிப்புக்குக் காரணம் என்ன என்று அவளுக்குத் தெரியும். அது தனக்கு உதவுகிறது என்றும் தெரியும். அவளுக்குப் பிள்ளை வேண்டும்.

ஏப்ரல் கடைசியில் ஜெயமலருக்கு மாத்திரைகள் தொடங்கின. சிறிய நீல மாத்திரை, நாளுக்கு மூன்று. மே முதல் கிழமை ஸ்கான் பார்த்த டாக்டர், கர்ப்பப்பையின் உட்சுவர் நன்றாகத் தடித்திருக்கிறது என்றார். கொடையாளிக்கு வருகிற திங்கட்கிழமை ஊசி தொடங்கும். அதிலிருந்து இரண்டு கிழமை. ஜெயமலர் திகதியைக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

அன்றைக்கு அவள் தனியாக வந்திருந்தாள். ஸ்கான் முடிந்து தெற்கே நடந்து தூதரகத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தாள். வீதி அடைபட்டிருந்தது. ஆயிரக்கணக்கில் சனம். செத்தவர்களின் தொகை எழுதிய மட்டைகள். முதல் நாள் தொகையின் மேல் காகிதம் ஒட்டி மாற்றியிருந்தார்கள். அவளும் கொடியை விரித்துக்கொண்டு நின்றாள். தொண்டை அடைக்கக் கத்தினாள். வயிற்றில் ஒரு சுவர் தடித்திருக்கிறது என்ற நினைவும் கூடவே இருந்தது.

தண்ணீர்ப் போத்தல் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு சின்ன உருவப் பெண் வந்து நின்றாள். ஐம்பது வயதிருக்கும்.

"நீங்கள் மணவறை குலசிங்கம் அண்ணையின்ர மிஸிஸ்தானே?"

"ஓம்."

"நான் குணவதி. அருள்நாயகம் அண்ணை சொல்லியிருப்பார்."

ஜெயமலரின் கையில் கொடி நின்றுவிட்டது.

"இந்த இடத்தில இதைக் கதைக்கிறது சரியில்லைத்தான். சனம் என்ன பாடு படுகுது. எண்டாலும் கலியாணப் பேச்சுக்கால் எண்டு ஒண்டு வந்தா நாங்கள் என்ன செய்யிறது? மாப்பிள்ளை எஞ்சினியராமே?"

எஞ்சினியர் ஆக்கியது அருள்நாயகமாக இருக்கும்.

"சாதகமும் கையோட கொண்டு திரியிறன். ஹான்ட்பாக்குக்குள்ளதான் கிடக்கு. கொண்டந்து தர வேணும் எண்டு நினைச்சனான், நல்ல நாள் பாத்து. மகளும் வந்திருக்கிறா. பிரதீபா! இஞ்ச ஒருக்கா வா."

"வேண்டாம், அவ நிக்கட்டும்," என்றாள் ஜெயமலர். அதற்குள் அந்தப் பெண் வந்துவிட்டாள். மட்டையைக் கவிழ்த்துப் பிடித்திருந்தாள். ஐந்தடி இரண்டு. பெருவிரல் ஓரம் சிவந்து தோல் உரிந்திருந்தது.

"அம்மா, நொட் ஹியர். ப்ளீஸ்."

"சும்மா இரு. அன்ரிக்கு வணக்கம் சொல்லு. அன்ரியின்ர மருமகன்தான் லண்டனில. அங்கிளை உனக்கு நினைவிருக்காது. உன்ர சாமத்தியவீட்டுக்கு மயில் மணவறை போட்டவர் அவர்தான், உனக்குப் பிடிக்கேல்லை எண்டு நிண்டனீ. அன்ரி லிப்ஸ்ரிக் ஃபக்ரறியில வேலை. பார், நானும் விசாரிச்சுப்போட்டன்." குணவதி சிரித்தாள். "அவையள் எங்களை விசாரிச்சா நாங்கள் அவையளை விசாரிக்க மாட்டமே?"

பிரதீபா வணக்கம் சொல்ல எடுத்த கையை இறக்கவில்லை. ஜெயமலர் அந்த முகத்தில் ஒவ்வொன்றாகச் சேர்வதைப் பார்த்தாள். மணவறை. உதட்டுச்சாயம்.

"அம்மா, அங்க வயசான ஆக்களுக்குத் தண்ணி இல்லையாம். குடுத்திட்டு வாங்கோ."

குணவதி பெட்டியோடு கூட்டத்துக்குள் போனாள். போகும்போது ஒரு தரம் திரும்பி, மகளின் தோளை நிமிர்த்தும்படி கையால் காட்டினாள்.

"நீங்களா அந்த லெட்டர் எழுதினது?"

"ஓம் பிள்ளை."

"எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?"

"படத்தில மயில் இருந்தது."

"ஓ மை கோட்." அவள் மூச்சை வெளியே விட்டாள். "ஏன்? உங்களுக்கு எல்லாம் குடுத்தனான்தானே. பிளட் டெஸ்ட், அப்பாவின்ர ஹார்ட், எல்லாம் எழுதியிருக்கு. வேற என்ன வேணும்?"

"ஊர்."

"வட் ஊர்? ஐ டோல்ட் யூ, எனக்குத் தெரியாது. நான் பார்க்டேலில வளந்தனான். அங்க ஒரு அப்பார்ட்மென்ட், கரப்பான்பூச்சி. அதுதான் என்ர ஊர்." பிறகு விளங்கியது. கண்களைச் சுருக்கினாள். "இது காஸ்ட் விஷயமா?"

ஒலிபெருக்கியில் ஒருவர் எல்லோரையும் கைகோக்கச் சொன்னார். இடப்பக்கத்தில் நின்ற யாரோ ஜெயமலரின் கையைப் பிடித்தார்கள். வலது கை கொடியோடு சும்மா தொங்கியது.

"பாஸ் பண்ணிட்டனா?"

"பிள்ளை..."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"இல்லை. சத்தியமா ஒண்டும் தெரியாது."

"அப்ப அந்த லண்டன் ஆள்?"

"அப்பிடி ஒருத்தரும் இல்லை."

பிரதீபா கூட்டத்துக்குள் தாயைத் தேடிப் பார்த்தாள். "அவ ஒரு மாசமா நித்திரை இல்லை. கொம்பியூட்டரில செத்த ஆக்களின்ர படம் பாத்துப் பாத்து அழுறவ. உந்தக் கதை வந்த பிறகுதான் சாப்பிடுறா. சாரி எல்லாம் எடுத்து வெளியில வச்சிருக்கிறா. தெரியுமா உங்களுக்கு?"

ஜெயமலர் என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் நினைத்தாள். வந்த சொற்கள் வேறு.

"ஊசி திங்கக்கிழமை எல்லோ?"

அந்தப் பெண் அவளைப் பார்த்தாள். சிரிப்பு மாதிரி ஒன்று முகத்தில் வந்து போனது.

"வாவ்," என்றாள். மட்டையை நிமிர்த்திக்கொண்டு தாய் போன பக்கம் நடந்தாள்.

அடுத்த நாள் டயான் அழைத்தாள். நூற்றுப் பதினெட்டு விலகிவிட்டாள். ஒப்பந்தப்படி அவர்களுடைய கோவையை மூட வேண்டியிருக்கிறது. டயானின் குரலில் கோபம் இல்லை. அதுதான் ஜெயமலருக்குக் கஷ்டமாக இருந்தது. கிராமம் என்று நீங்கள் எழுதியபோது நினைவுகளைச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன், அவள் எனக்கு வேறு மாதிரி விளங்கப்படுத்தினாள், அவள் சொன்னது சரியா என்று கேட்டாள்.

"சரி," என்றாள் ஜெயமலர்.

மாத்திரையை நிறுத்திய நாலாம் நாள் வேலையில் நிற்கும்போது இரத்தம் வந்தது. அவள் கையை உயர்த்தி மேற்பார்வையாளரிடம் ஐந்து நிமிடம் கேட்டாள். திரும்பி வந்து ஒன்றரை மணித்தியாலம் குச்சிகளைப் பார்த்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சனம் நெடுஞ்சாலையில் ஏறி மறித்தது. குலசிங்கமும் போய்வந்தான். குரல் அடைத்துப்போய் வந்து சோபாவில் இருந்தான்.

"கலிபோர்னியாவுக்கு ஒருக்கா அடிச்சுப் பாப்பமோ?" என்றான். "அந்தப் பஞ்சாபிப் பிள்ளை..."

"ஆறடி."

"ஆறடியெண்டா என்ன. அங்க ஒண்டும் விசாரிக்கத் தேவையில்லை."

அவள் எழும்பிப் போய் மேலதிக அறையில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்தாள். மடித்து முடிந்ததும் ஈரத்துணிகளைப் போட்டாள்.

பிறகு வன்னியில் எல்லாம் முடிந்துவிட்டது. தொலைக்காட்சியில் கொழும்பில் வெடி கொளுத்தினார்கள். ஸ்காபரோவில் இரண்டு நாள் யாரும் யாருக்கும் தொலைபேசி எடுக்கவில்லை. மூன்றாம் நாள் பின்னேரம் மணி அடித்தது. ஜெயமலர் தம்பியைப் பற்றி ஏதும் செய்தியாக்கும் என்று ஓடிப்போய் எடுத்தாள்.

"தங்கச்சி, நான் குணவதி. இந்த நேரத்தில எடுக்கிறன் எண்டு குறை நினைக்காதேங்கோ. வீட்டுக்குள்ள இருக்க ஏலாமக் கிடக்கு. இவள் பிள்ளையும் ஒண்டும் பறையிறாள் இல்லை. அதுதான், என்ன மாதிரி எண்டு கேப்பம் எண்டு."

ஜெயமலர் தொலைபேசியின் வாயைப் பொத்திக்கொண்டு குலசிங்கத்திடம் சொன்னாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்திருந்தான்.

"சாதகம் பொருந்தேல்லை எண்டு சொல்லும். எல்லாரும் சொல்லுறதுதான்."

"சாதகம் பொருந்தேல்லையாம், அக்கா," என்றாள் ஜெயமலர்.

மறுபக்கத்தில் ஹான்ட்பாக்கின் சிப்பைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"நான் சாதகம் உங்களிட்டத் தரேல்லையே."

ஜெயமலர் சுவரைப் பார்த்தாள். குலசிங்கம் கண்ணைத் திறக்கவில்லை.

"சரி, விளங்குது," என்றாள் குணவதி. குரல் மாறியிருந்தது. "ஆரோ எங்களைப் பற்றிப் பிழையாச் சொல்லியிருக்கினம். நாங்கள் குறைஞ்ச ஆக்கள் எண்டு. தங்கச்சி, நாங்களும் நீங்களும் ஒண்டுதான். வடிவா விசாரியுங்கோ. என்ர தகப்பன் ஆர், அவர் இருந்த வளவு எது எண்டு அங்க ஆரிட்டயும் கேளுங்கோ." பிறகு, கேட்பதற்கு அங்கே யார் மிஞ்சியிருக்கிறார்கள் என்று அவளுக்கே நினைவு வந்திருக்க வேண்டும். நிறுத்தினாள். அழுதாள். "அவ்வளவு சனமும் செத்துக் கிடக்கு. இஞ்ச இருந்துகொண்டு நீங்கள் எங்கட ஊர் சரியில்லை எண்டு பாத்துக்கொண்டிருக்கிறியள்."

மாப்பிள்ளை என்று ஒருவன் இல்லை என்று சொல்லலாம். அப்படியென்றால் என் பிள்ளையை ஏன் விசாரித்தீர்கள் என்று அவள் கேட்பாள். அந்தக் கேள்விக்குப் பதில் ஒன்றுதான் இருக்கிறது. அது பிரதீபாவின் இரகசியம்.

"அதுதானே தங்கச்சி காரணம்? சொல்லுங்கோ. வாயால சொல்லுங்கோ."

"ஓம் அக்கா," என்றாள் ஜெயமலர். "அதுதான்."

குணவதி ஒரு வசைச் சொல் சொன்னாள். ஜெயமலர் அதைக் கேட்டாள். அவள் தொலைபேசியை வைக்கும்வரை பொறுத்திருந்து தானும் வைத்தாள்.

"என்னவாம்?" என்றான் குலசிங்கம்.

"ஒண்டுமில்லை. இனி எடுக்க மாட்டா."